திரைப்பட விழாவும் நம் வயதும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மேடையேறிப் பழக்கமில்லாதவன் நான். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வேயில் எழுத்தராக இருந்து வருபவன். "ஆண்டுதோறும் திரைப்பட விழாவுக்குப் போகிறீர்களே, அதைப் பற்றியே பேசுங்கள்" என்று செயலாளர் அவர்கள் பணித்தபடியால் வந்து நிற்கிறேன்.

கேரளத்தின் பன்னாட்டுத் திரைப்பட விழா 1996ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் தொடங்கியது. பின்னர் திருவனந்தபுரம் அதன் இருப்பிடமாயிற்று. 1998இல் அமைந்த சலச்சித்திர அகாடமி, பெரும்பாலும் டிசம்பர் மாதத்தில் அதனை நடத்தி வருகிறது. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழும் நமக்கு அது தொலைவன்று. 1979இல் திறந்த இருப்புப்பாதை நம் வாசலருகே ஓடுகிறது.

இளமையில் நாளொன்றுக்கு ஐந்து படம் பார்ப்பேன். நாற்காலி கிடைக்காவிடில் படிக்கட்டில் அமர்வேன். எத்தனை நாட்டுப் படம் பார்த்தேன் என்று எண்ணிச் சொல்வதே அன்று எனக்குப் பெருமை.

ஒருமுறை என் தந்தையாரையும் அழைத்துச் சென்றேன். கொரிய நாட்டு இயக்குநர் கிம் கி-டுக் 2003இல் எடுத்த படம். ஏரி நடுவே மிதக்கும் மடத்தில் ஒரு முதிய துறவியும் ஒரு சிறுவனும் வாழ்கின்றனர். சிறுவன் விளையாட்டாக ஒரு மீன், ஒரு தவளை, ஒரு பாம்பு ஆகியவற்றின் உடலில் கல்லைக் கட்டி விடுகிறான். துறவி, உறங்கும் சிறுவன் முதுகிலும் ஒரு கல்லைக் கட்டுகிறார். அவற்றை அவிழ்த்துவிட்டு வரும்படி அனுப்புகிறார். ஒன்று மாண்டிருந்தாலும் அக்கல்லை ஆயுள் முழுதும் நெஞ்சில் சுமப்பாய் என எச்சரிக்கிறார். தவளை பிழைத்தது, மீனும் பாம்பும் மாண்டன.

ஆங்கிலம் அறியாத தந்தையார், "மக்களே, அந்த மீனு செத்துப் போச்சா?" என்று உரக்கக் கேட்டார். சிலர் திரும்பிப் பார்த்தனர். "சும்மா இருங்கப்பா" என்று கடிந்தேன். அதன்பின் அவர் எதுவும் கேட்கவில்லை. மறு ஆண்டு அழைத்தபோது, "நீ போயிட்டு வா மக்களே" என்றார். இன்று அவர் இல்லை.

நிற்க. எனக்கு இப்போது வயது நாற்பத்தாறு. நாளொன்றுக்கு ஒரு படமே போதுமாயிருக்கிறது. படிக்கட்டில் அமர முழங்கால் இடந்தருவதில்லை. முன்பு இயக்குநரின் திறமையைப் பார்த்தேன். இன்று திரையில் ஒரு முதியவர் சோற்றைத் தொடாமல் எழுந்தால் என் மனம் அவர் பின்னே போய்விடுகிறது.

சென்ற விழாவுக்குக் கல்லூரியில் பயிலும் என் மகள் என்னை அழைத்துச் சென்றாள். திரையின் அடியில் ஓடிய எழுத்தைத் தொடர்ந்து படிக்க இயலாமல், "அந்தப் பிள்ளை யாரு?" என்று கேட்டுவிட்டேன். "மெதுவாப்பா" என்றவள், என் காதருகே குனிந்து கதையைச் சொன்னாள்.

அந்தத் துறவி சொன்ன கல் எதுவென்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

இளைஞர்களே! அடுத்த விழாவுக்குப் பெற்றோரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்டால் பொறுமையாய்ச் சொல்லுங்கள். படம் சற்றுத் தவறிப் போனாலும் குறையொன்றுமில்லை.