இணைப்பு எங்கே அறுந்தது?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எமிஸ் தளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள், மறுநாள் பாடத்துக்கான காணொலி, இணையவழிப் பயிற்சி என நம் பணியில் ஒரு பகுதி இரவு நேரத்து மடிக்கணினிக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வைஃபை வேலை செய்யவில்லை என்றால் கை பதறுகிறது. கண்ணில் பட்டதையெல்லாம் அழுத்திப் பார்க்கிறோம். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: சரிசெய்வதற்கு முன், எங்கே அறுந்தது என்று கண்டுபிடியுங்கள்.

கழித்தலில் தவறும் குழந்தைக்கு நாம் முழுக் கணக்கையும் மறுபடி நடத்துவதில்லை. கடன் வாங்கும்போது இடறுகிறதா, இடமதிப்பிலா என்று பார்க்கிறோம். இதுவும் அப்படித்தான். வெளியிலிருந்து வரும் கம்பி, வீட்டிலுள்ள ரூட்டர், அதிலிருந்து மடிக்கணினிக்கு வரும் அலை என மூன்று கண்ணிகள் உள்ளன.

முதலில் கைபேசியை எடுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் மடிக்கணினியைத் தொட வேண்டாம். ரூட்டரின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால், கம்பி வழியே சிக்னல் வரவில்லை என்று பொருள். இணைப்பு தரும் நிறுவனத்திடம்தான் புகார் செய்ய வேண்டும். விளக்குகள் சரியாக இருந்தால் ரூட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் கழித்துப் போட்டு, சில நிமிடங்கள் பொறுத்திருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஊசி நுழையும் ரீசெட் துளையை அழுத்துவது வேறு. வைஃபை பெயர், கடவுச்சொல், சில இணைப்புகளில் நிறுவனம் பதிந்து வைத்த பயனர் விவரம்கூட அதில் அழிந்துவிடும். பிறகு அவர்கள் ஆள் வர வேண்டியிருக்கலாம்.

கைபேசியில் வருகிறது, மடிக்கணினியில் மட்டும் இல்லையா? எந்த வைஃபை பெயருமே தெரியவில்லை என்றால், ஃபிளைட் மோட் போடப்பட்டிருக்கிறதா, வைஃபை அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெயர் தெரிந்து நம்முடையது தெரியவில்லை என்றால், ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கலாம். பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும்.

இணைந்தும் இணையம் இல்லையா? வைஃபை அமைப்பில் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. அந்த வைஃபையை நீக்கிவிட்டு, கடவுச்சொல் இட்டு மறுபடி இணையுங்கள். இணைப்பு சரியாக இருந்தும் தளங்கள் ‘பாதுகாப்பற்றது’ என மறுத்தால், கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய கணினிகளில் உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்து, தேதி பின்னுக்குப் போயிருக்கலாம்.

கூடத்தில் வேகமாகவும் அறையில் மெதுவாகவும் வந்தால், இடையில் இருப்பது கான்கிரீட் சுவரா, இரும்பு பீரோவா என்று கவனியுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் சுவர் தாண்டினால் 2.4-ஐ விடச் சீக்கிரம் சோர்ந்துவிடும். ரூட்டரைத் திறந்த, உயரமான இடத்துக்கு மாற்றினாலே பல வீடுகளில் போதும்.

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் கடைக்குக் கொண்டுபோங்கள். அங்கே ‘நெட் வரல’ என்றால் அவர் முதலிலிருந்து தேட வேண்டும். ‘கைபேசியில் வருகிறது, மடிக்கணினிக்கு மட்டும் முகவரி கிடைக்கவில்லை’ என்றால் வேலை பாதி முடிந்தது. தேவையில்லாத செலவும் குறையும்.

‘இவனுக்குக் கணக்கு வராது’ என்பதற்கும், ‘கடன் வாங்கும் இடத்தில் இடறுகிறான்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். முதலாவது தீர்ப்பு. இரண்டாவதில்தான் உதவி தொடங்குகிறது.