கட்டம் கட்டமாய்த் தெரிந்த தமிழ்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கம்ப்யூட்டர் பற்றி ஏதாவது பேசு, ஆனால் தூக்கம் வராமல் பேசு" என்று சங்கச் செயலாளர் கட்டளை போட்டிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

நாங்கள் படித்த காலத்தில் செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டும். ஒரு பெட்டிக்கு இரண்டு பேர். ஒருவன் தட்டுவான், ஒருவன் பார்ப்பான். பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிறந்தது 1995-இல். அரியலூர்க்காரர்களும் அப்போது நம்மோடுதான் இருந்தார்கள். அவர்கள் நிலையாகத் தனிக்குடித்தனம் போனது 2007-இல். அதே 1995-இல்தான் ஜாவா மொழியும் ஜாவாஸ்கிரிப்டும் உலகுக்கு அறிமுகமாயின. "பிரவுசருக்குள்ளேயே முழு மென்பொருளையும் ஓட்டலாம்" என்ற கனவு அன்று ஆரம்பித்தது.

அந்தக் கனவுக்கு எத்தனையோ வேஷம்! முதலில் ஜாவா ஆப்லெட். பிறகு ஃபிளாஷ். 2007-இல் மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட். இவையெல்லாம் பிரவுசரில் தனியாக ஒட்டவைக்கும் பிளக்-இன்கள். ஒட்டியது ஒருநாள் உரியத்தானே செய்யும்? ஃபிளாஷின் ஆயுள் 2020 டிசம்பரோடு முடிந்தது. சில்வர்லைட்டுக்கு 2021 அக்டோபரில் விடை கொடுத்தார்கள். இப்போது அவை நம் சாத்தனூர் கல்மரம் மாதிரி. போய்ப் பார்க்கலாம், நிழலுக்கு ஒதுங்க முடியாது.

இந்தப் பின்னணியில் வந்ததுதான் வெப்அசெம்பிளி. 2015-இல் அறிவித்தார்கள். 2017-க்குள் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, எட்ஜ் நான்கும் ஏற்றுக்கொண்டன. 2019 டிசம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதை அதிகாரபூர்வத் தரமாக்கியது. இது பிளக்-இன் அல்ல, பிரவுசரின் உடம்போடு பிறந்தது. சி பிளஸ் பிளஸ், ரஸ்ட், சி ஷார்ப் போன்ற மொழிகளில் எழுதியதைச் சிறிய இரும எண் கட்டளைகளாக மாற்றி அனுப்புகிறோம். பிரவுசர் அதை ஒரு மூடிய அறைக்குள் வைத்து வேகமாக ஓட்டுகிறது. அந்த அறைக்குள் இருப்பவர் திரையை நேரடியாகத் தொட முடியாது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற வாசல்காரர் மூலமாகத்தான் எதையும் கேட்க வேண்டும்.

இதன்மேல் திரை அமைக்கும் இயக்க நேரங்கள் வந்தன. இவற்றில் இரண்டு ஜாதி உண்டு. 2020 மே மாதம் வந்த பிளேசர் வெப்அசெம்பிளி முதல் வகை. கணக்கைத் தன் அறைக்குள் போட்டுவிட்டு, பொத்தானையும் பெட்டியையும் பிரவுசரின் வழக்கமான உறுப்புகளாகவே அமைக்கச் சொல்லும். ஃபிளட்டர், அவலோனியா போன்றவை இரண்டாம் வகை. "ஒரு வெற்றுப் பலகை கொடு, பொத்தான், எழுத்து எல்லாம் நானே வரைந்துகொள்கிறேன்" என்று சொல்லும். இந்த வித்தியாசத்தை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. என் தாய்மாமனிடம் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன்.

மாமா செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர். பட்டறையில் எத்தனை மூட்டை இருக்கிறது, மண்டிக்கு எத்தனை போயிற்று, எடை, கமிஷன், வண்டி வாடகை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கும். "இதை போன்லயே போட்டுத் தர்றேன் மாமா" என்று வாய் கொடுத்துவிட்டேன். சென்னையில் இரண்டு விடுமுறை நாளில், பலகையில் வரையும் வகை ஒன்றை எடுத்து அழகாகக் கட்டினேன். என் மேஜைக் கணினியில் கண் சிமிட்டுவதற்குள் திறந்தது. வரைபடம் எல்லாம் ஆடியது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

ஊருக்குப் போய் மாமாவின் போனில் திறந்தேன். வெள்ளைத் திரை. ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது. இயக்க நேரம் முழுவதும் முதலில் இறங்கியாக வேண்டுமே, அது பல எம்.பி.! கொல்லையில் சிக்னல் ஒரு கோடுதான். ஒருவழியாகத் திறந்தது. தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை, எல்லாம் காலிக் கட்டங்கள்.

"என்ன மாப்ளே, கட்டம் கட்டமா இருக்கு. தாயம் ஆடவா?" என்றார் மாமா.

காரணம் எளிது. போனில் தமிழ் எழுத்துரு இருக்கிறது. ஆனால் பலகையில் தானே வரைகிற மென்பொருள் அதைப் பயன்படுத்துவதில்லை. எழுத்துருவை நாம்தான் கூடவே அனுப்ப வேண்டும். சரி என்று நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தேன். அளவைக் குறைக்கிறேன் என்று அதற்குள் இருந்த சில அட்டவணைகளை வெட்டியும் விட்டேன். இப்போது தமிழ் வந்தது, ஆனால் "மூட்டை" உடைந்து வந்தது! ம தனி, அதன் ஊகாரக் கொம்பு தனி. மகரமும் ஊகாரமும் சேர்ந்து "மூ" என்ற ஒரே வடிவம் ஆகும் விதி, நான் வெட்டிய அட்டவணையில்தான் இருந்தது. ஆங்கிலத்தில் எழுத்துகளை வரிசையாக அடுக்கினால் போதும். தமிழில் "கொ" என்றால் ஒரு கொம்பு முன்னால் போக வேண்டும், ஒரு கால் பின்னால் நிற்க வேண்டும். இந்தச் சேர்க்கை வேலைக்கே ஹார்ஃப்பஸ் என்ற தனி மென்பொருள் இருக்கிறது.

இதையும் சரி செய்தேன். பெரிய தப்பு அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது.

ஒரு நாள் மாமா நாற்பது மூட்டை ஏற்றினார். போனில் பதிந்துகொண்டே இருக்கும்போது அழைப்பு வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால் பக்கம் புதிதாகத் திறக்கிறது, பதிந்தது ஒன்றும் இல்லை. நினைவகம் போதாதபோது போன் பின்னால் கிடக்கும் பக்கத்தைக் கலைத்துவிடும். நானோ எல்லாவற்றையும் கடைசியில் "சேமி" அழுத்தும்வரை நினைவகத்திலேயே வைத்திருந்தேன். என்னை நம்பி மாமா அன்று நோட்டிலும் எழுதவில்லை. மண்டிச் சிட்டையில் முப்பத்தெட்டு மூட்டை என்று வந்தது. கேட்பதற்கு அவர் கையில் ஆதாரம் இல்லை. இரண்டு மூட்டை என்ன பெரிது என்று நமக்குத் தோன்றும். உழுது, களை எடுத்து, காய வைத்து, பட்டறை போட்டுக் காத்தவருக்குத்தானே தெரியும்.

மாமா திட்டவில்லை. "நோட்டு நனையும், கிழியும். ஆனா நடுவுல மறக்காது மாப்ளே" என்றார். அது திட்டியதைவிட உறைத்தது.

பிறகு முழுவதையும் மாற்றி எழுதினேன். மூட்டைக் கணக்குக்குச் சாதாரண எச்.டி.எம்.எல். பக்கமும் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்டும் போதுமாக இருந்தது. ஒவ்வொரு வரியும் பதிந்த உடனே போனுக்குள்ளேயே உள்ள இன்டெக்ஸ்ட்-டிபியில் சேரும். சர்வீஸ் வொர்க்கர் வைத்ததால் சிக்னல் இல்லாவிட்டாலும் திறக்கும். எழுத்தை போனின் சொந்தத் தமிழே காட்டுகிறது. மாமா இப்போது பயன்படுத்துகிறார். நோட்டையும் விடவில்லை. அது அவர் உரிமை!

அப்படியென்றால் வெப்அசெம்பிளி வேண்டாமா? வேண்டும், அதற்குரிய இடத்தில். முப்பது ஆண்டுக்கு மேல் பழைய ஆட்டோகேட் நிரலை அதன் மூலமாகத்தான் பிரவுசருக்குள் கொண்டுவந்தார்கள். ஃபிக்மா, இணைய ஃபோட்டோஷாப் எல்லாம் அதில்தான் நிற்கின்றன. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை முப்பரிமாணத்தில் சுழற்றிக் காட்ட வேண்டும் என்றால் நானும் அதைத்தான் எடுப்பேன். பிழைப்புக்கும் வழி இருக்கிறது. சென்னையில் ஆட்கள் வைத்து வேலை செய்யும் சின்க்ஃபியூஷன் போன்ற நிறுவனங்கள் பிளேசருக்கான திரை உறுப்புகளைச் செய்து உலகத்துக்கு விற்கின்றன. கருவிகள் பெரும்பாலும் இலவசம். சி ஷார்ப்போ ரஸ்ட்டோ தெரிந்தால் இன்று இரவே ஆரம்பிக்கலாம்.

தம்பி தங்கைகளுக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, நீங்கள் செய்ததை லேப் கணினியில் மட்டும் பார்க்காதீர்கள். வேப்பந்தட்டையிலோ ஜெயங்கொண்டத்திலோ உங்கள் அம்மாவின் போனில் திறந்து பாருங்கள். இரண்டாவது, "மூட்டை", "கொம்பு", "கௌரவம்", "ஸ்ரீ" என்று நாலு வார்த்தை தட்டிப் பாருங்கள். தட்டவும் வரவேண்டும், தேடவும் வரவேண்டும், பார்வையற்றவருக்குப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கும் கேட்க வேண்டும். பலகையில் வரைந்த எழுத்து வெறும் படம்தான். இதையெல்லாம் நாம் தனியாகச் செய்து கொடுத்தால்தான் உண்டு. மூன்றாவது, திரை அழகு அப்புறம். அடுத்தவர் நம்பிக் கொடுத்த கணக்கை முதலில் பத்திரப்படுத்துங்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போன அந்த அறையில் எங்கள் ஆசிரியர்கள் கற்பித்ததும் இந்த மரியாதையைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது.