தாடையும் குரல்வளையும்: சவரத்தின் நுட்பம்

அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற சேப்டி ரேசர், அதாவது மெல்லிய பிளேடை உள்ளே பிடித்து அதன் விளிம்பை மட்டும் சற்றே வெளியே காட்டும் சவரக் கருவி, கன்னத்தில் எளிதாக இயங்கினாலும், எலும்பு புடைத்து வளையும் இடங்களில் தோலைக் கீறிவிடக்கூடும். வளைவுக்கேற்ப பிளேடு வளையாது என்பதால், தோலை இழுத்துத் தட்டையாக்குவதே கீறலைத் தவிர்க்கும் அடிப்படை முறையாகும்.

தாடை விளிம்பில் உள்ள தோலைக் காதை நோக்கி மேலே இழுத்தால், எலும்பின் மீதிருந்த பகுதி கன்னத்தின் சமதளத்துக்கு வந்து சேரும். குரல்வளை மேட்டில், அதாவது கழுத்தின் நடுவே குருத்தெலும்பு புடைத்து நிற்கும் இடத்தில், தோலைப் பக்கவாட்டில் நகர்த்தி, மேட்டைத் தவிர்த்து அதன் அருகில் வைத்து மழிப்பதே பாதுகாப்பானது. மேலுதட்டைப் பற்களின் மீது கீழ்நோக்கி இழுத்துப் பிடித்தால் மூக்கின் அடியில் உள்ள தோல் விறைப்பாகும்; அங்கே சிறு சிறு இழுப்புகளே போதும்.

கழுத்தில் முடி பல திசைகளில் வளர்வதால், அத்திசையை விரலால் தடவி அறிந்து அதன் போக்கிலேயே மழிக்க வேண்டும். எதிர்த்திசையில் ஒட்ட மழித்தால், வெட்டுண்ட முடி தோலுக்குள்ளேயே வளர்ந்து சிறு கொப்புளங்களை உண்டாக்கலாம். ரேசரை ஏறத்தாழ 30 பாகை சாய்வில் பிடித்து, கையால் அழுத்தாமல், கருவியின் எடையே முடியை அறுக்குமாறு விடுபவர்களுக்குக் காயமற்ற சவரம் நாளடைவில் கைவரும்.