வென்றவன் வீழ்ந்தான்

ஜப்பானியர் தம் சித்திரக் கதைகளை மாங்கா என்பர். இக்கி கஜிவாரா கதை எழுத, தெத்சுயா சிபா படம் வரைய, 1968 முதல் 1973 வரை வார இதழொன்றில் வெளிவந்தது 'நாளைய ஜோ'.

அதில் ஒரு பகுதியைச் சொல்கிறேன். குத்துச்சண்டை வீரன் ரிக்கிஷி, தன்னினும் எடை குறைந்த ஜோவுடன் பொருத வேண்டி, உணவும் நீரும் குறைத்து உடலை உருக்குகிறான். களத்தில் அவனே வெல்கிறான். வென்ற சிறிது நேரத்தில் உயிர் துறக்கிறான்.

இத்தகைய சண்டைக் காட்சியில் நாம் சுவைக்க வேண்டியது யாது? கையின் விரைவைக் கோடுகளிலே காட்டுவது ஓவியரின் திறன், அதை வியப்போம். அத்துடன், அக்குத்து யாரை எவ்வாறு மாற்றிற்று என்றும் கேட்போம். முரடனாய்த் திரிந்த ஜோவுக்கு, பின்னர் எதிரியின் முகத்தில் குத்தக் கை எழவில்லை. தன் வலிமைக்குத் தானே அஞ்சினான். அவ்வச்சம் கோழைமையோ? பிறர் உயிரின் அருமையை உணர்ந்த நெஞ்சின் நடுக்கம் அது. அங்கேதான் அவன் வளரத் தொடங்குகிறான்.

1970 மார்ச்சில் டோக்கியோவில் ஏறத்தாழ 700 பேர் கூடி, கற்பனை வீரனான ரிக்கிஷிக்கு இறுதிச் சடங்கே நடத்தினர். சண்டையைப் பார்த்தவர்கள் அதற்குள் மனிதனையும் கண்டிருந்தனர். நீங்களும் அவ்வாறே படியுங்கள்.