அந்துக்கு உறக்கம் உண்டா?



குதிரில் சேர்த்த நெல்லைத் தின்னும் சிறுபூச்சியை நம் முன்னோர் 'அந்து' என்றனர். இன்று 'அந்துப்பூச்சி' என்பது அவ்வினம் முழுமைக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பெயர் அமைந்தது, அதன் வாழ்க்கையை விளக்கும் சொற்களே இன்னும் திருந்தவில்லை. 'குளிரில் அந்துப்பூச்சி உறங்கும்' என்று எழுதி நிறைவுறுகிறோம். அது போதாது.

பூச்சியின் உடல் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்வதில்லை. அதன் வளர்ச்சிவேகத்தைச் சூழலின் வெப்பமே பெரிதும் முடிவுசெய்கிறது. முட்டைக்கோசைத் துளைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி, ஏறத்தாழ 8 பாகை செல்சியசுக்குக் கீழே வளர்வதில்லை. வெப்பம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. வெப்பம் ஏற ஏறத் தலைமுறைக்காலம் சுருங்கும். அளவு மீறினால் வளர்ச்சி மீண்டும் தளரும்.

பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு வேறுவகை. வட இந்திய வயல்களில் பகல் குறுகிக் குளிர் தொடங்கும்போது, முதிர்ந்த புழு விதைக்குள் முடங்குகிறது. இடையே சில நாள் வெயில் காய்ந்தாலும் எழுவதில்லை. பகலின் அளவையும் குளிரையும் முன்னறிவிப்பாகக் கொண்டு, அதன் உட்சுரப்புகளே வளர்ச்சியை நிறுத்திவைக்கின்றன. பருவம் மாறிய பின்னரே அது கூட்டுப்புழுவாகும்.

முன்னதை 'ஒடுக்கம்' என்றும், பின்னதை 'உறங்குநிலை' என்றும் பிரித்து வழங்குவதே தகும். இரண்டையும் 'உறக்கம்' என ஒரே சொல்லில் அடக்கினால், படிப்பவர் எதை எதிர்பார்ப்பார்?

நம் நாட்டில் இவ்வேறுபாடு இன்னும் முதன்மையானது. செடிப்பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற இந்தச் சுங்கை பூலோவில் குளிர்காலம் இல்லை. ஆண்டு முழுவதும் பகலின் நீளம் அரைமணி நேரம்கூட மாறுவதில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள கேமரன் மலையிலும் இரவு வெப்பம் பொதுவாக 15 பாகையை ஒட்டியே நிற்கிறது. அங்கே வைரமுதுகு அந்துப்பூச்சியின் வளர்ச்சி தாழ்நிலத்தைவிட மெதுவாகும், நிற்பதில்லை. அதற்கு உறங்குநிலையும் இல்லை. கோசுப்பயிர் உள்ளவரை முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்து என்ற சுழற்சி தொடர்கிறது.

குளிர்நாட்டு நூலைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'பூச்சி உறங்கும் பருவம்' என்று நம் தோட்டக்காரரிடம் கொடுத்தால், அவர் வாராத பருவத்துக்குக் காத்திருப்பார். அதற்குள் பயிர் போய்விடும். பூச்சி ஓயாத மண்ணில், கோசினப் பயிரை இடைவிடாது நடாமல் நிலத்துக்கு இடைவெளி விடுவதே நாம் உண்டாக்கக்கூடிய ஓய்வு. அவ்வறிவுரை உழவரிடம் பிழையின்றிச் சேர, கலைச்சொல் முதலில் பிழையற்றதாக வேண்டும். சொல்லாக்கத்தில் ஈடுபடும் நாம் அகராதியோடு நில்லாமல் வயலையும் பார்த்துச் சொல் அமைப்போமாக.