இரும்பும் நரம்பும்



பெங்களூர்ச் சிவாஜிநகர்ப் பேருந்து நிலையத்தில் ஒரு மாலைவேளை. இளைஞர் ஒருவர் திடீரெனக் கீழே விழுந்து, கைகால்கள் வெட்டி இழுக்கத் துடித்தார். கூட்டம் சூழ்ந்தது. தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் எழுந்த குரல்கள் கேட்டது ஒன்றையே: இரும்பு! நாமும் வீட்டுச் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தோம். சற்று நேரத்தில் துடிப்பு அடங்கிற்று. இரும்பு வென்றது என்றே அன்று நம்பினோம்.

உண்மை வேறு. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. நரம்பணு ஒன்று தூண்டப்பட்டதும், அதன் உறையிலுள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து சோடிய அயனிகள் உட்புகுகின்றன. அடுத்துப் பொட்டாசிய அயனிகள் வெளியேறுகின்றன. இவ்வாறு எழும் மின்துடிப்பு நரம்பிழை வழியே ஓடி மறுமுனையை அடைகிறது. அங்கே ஒரு சிறு இடைவெளி உண்டு. அதனைப் பெரும்பாலும் வேதிப்பொருள்களே கடக்கின்றன. அவற்றுள் குளூட்டமேட் அடுத்த அணுவை 'எழு' என ஏவும். காபா 'அடங்கு' எனத் தடுக்கும். இவ்விரண்டின் சமநிலையிலேதான் நம் எண்ணமும் செயலும் நடைபெறுகின்றன.

ரஸ்ஸல் மார்க்கெட்டில் வணிகர் தத்தம் வாடிக்கையாளரோடு பேசும் வரையில் வாணிபம் நடக்கும். அனைவரும் ஒருசேரக் கூவினாலோ, எவர் சொல்லும் எவர் செவியிலும் ஏறாது. வலிப்பும் அத்தகையதே. எண்ணற்ற அணுக்கள் கட்டுக்கடங்காமல் ஒருங்கே துடிக்கின்றன. பெரும்பாலும் ஓரிரண்டு நிமிடங்களில் அது தானே ஓயும். நாம் இரும்பைத் தேடி எடுப்பதற்கும் அது ஓய்வதற்கும் நேரம் ஒத்துப்போகிறது, அவ்வளவே.

அவ்வேளையில் செய்யத்தக்கவை எளியவை. தலைக்கடியில் மென்மையான துணி வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் இடாதீர்கள். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலும், முதன்முறையாக வந்தாலும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கண் விழித்த அவ்விளைஞர் நம் கையைப் பற்றிக்கொண்டு, "ஐயா, ஊரில் பெண் பார்த்து நிச்சயித்திருக்கிறார்கள்; நம்மூர்க்காரர் எவரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்றார். நோயினும் அந்த அச்சமே நம்மை வருத்தியது. சட்ட ஏடுகளை மொழிபெயர்ப்பது நம் தொழில். இந்துத் திருமணச் சட்டத்தின் நிபந்தனைகளில் ஒருகாலத்தில் வலிப்புநோயும் ஒரு தடையாக இருந்தது. 1999ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அச்சொல்லை அறவே நீக்கிவிட்டது. ஏட்டிலிருந்து நீங்கிய சொல் நம் உள்ளத்திலிருந்து நீங்க வேண்டாவோ?

முறையாக மருந்துண்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழக்கூடும். மறைக்க எண்ணி மாத்திரையை நிறுத்துவதே பேராபத்து. இந்நகரிலேயே, ஓசூர்ச் சாலையில், 1974இல் உருவான நிம்ஹான்ஸ் நிறுவனம் இருக்கிறது. பிழைக்க வந்த ஊரில் நோயைச் சொல்ல நாணித் தனித்திருப்போர் உங்கள் தெருவிலும் இருக்கலாம். அவர்களுக்கு வேண்டுவது இரும்பன்று. உடன் வரும் துணையே.