விமானி இல்லாத ஜெட் விமானம்



செராஸில் நான் வளர்ந்த வீட்டின் பின்புறம் நின்று பார்த்தால், சுங்கை பீசி விமானப்படைத் தளத்தில் இறங்கும் விமானங்கள் தெரியும். பையன்கள் நாங்கள் விமானிக்குக் கையசைப்போம். அவர் கண்டாரோ இல்லையோ, உள்ளே ஒருவர் இருக்கிறார் என்பதில் எங்களுக்கு ஐயமே இருந்ததில்லை. அந்தத் தளம் 2018இல் மூடப்பட்டது. இன்று என் வகுப்புப் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பது வேறொன்றை. செம்பனை மரங்களுக்கு மேலே விசிறிகளைச் சுழற்றிக்கொண்டு மருந்தடிக்கும் ஆளில்லா விமானம் அது.

அண்மையில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், சண்டை போடுற விமானத்துலயும் இப்ப ஆள் இல்லையாமே? அப்ப சுடுறது யாரு?" இரண்டு வரியில் விடை சொல்ல என்னால் ஆகவில்லை. அந்த விடையைத்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். 2023 மே மாதம் லங்காவியில் நடந்த கண்காட்சியில், துருக்கியிடமிருந்து 'அங்கா' என்னும் ஆளில்லா விமானங்கள் மூன்றை வாங்க மலேசியா ஒப்பந்தம் செய்தது. கடலைக் கண்காணிப்பது அவற்றின் வேலை. அவை ஜெட் அல்ல, காற்றாடியால் ஓடுபவை. மெதுவாகப் பறக்கும், ஆனால் ஒரு நாள் முழுவதும் வானில் நிற்கும். கடற்காவலுக்கு அந்தப் பொறுமைதான் வேண்டும். அதே நிறுவனம் செய்த 'அங்கா 3' என்பதோ ஜெட் விமானம். 2023 டிசம்பரில் அது முதன்முதலாகப் பறந்தது. அதற்கும் ஓராண்டு முன்பு, 2022 டிசம்பர் 14ஆம் நாள், துருக்கியின் பாய்கார் நிறுவனம் செய்த 'கிசிலெல்மா' பறந்துவிட்டது. சிவப்பு ஆப்பிள் என்பது அப்பெயரின் பொருள். சண்டை விமானத்துக்குப் பழத்தின் பெயர் வைத்தவர்களை என்னென்பது!

ஜெட் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது? ஒரு பலூனை ஊதி, வாயைக் கட்டாமல் விட்டுப் பாருங்கள். காற்று பின்னே சீறும். பலூன் முன்னே பாயும். பலூனில் காற்று தீர்ந்துவிடும், ஜெட்டில் தீராது. அது முன்வாயால் காற்றை இழுத்து, சுழலும் தகடுகளால் நெருக்கி, மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளை அதில் எரிக்கிறது. விரிந்த வாயு பின்வாயால் பாய்கிறது. பாயும் வழியில் ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போகிறது. அந்தச் சக்கரம்தான் முன்னுள்ள தகடுகளைச் சுழற்றுகிறது. சொல்வது எளிது. பழுக்கக் காயும் வெப்பத்தில் இற்றுப்போகாமல் சுழலும் தகடுகளைச் செய்வது மிகக் கடினம். கிசிலெல்மாவின் முதல் விமானமே உக்ரேன் நாட்டு இயந்திரத்தோடுதான் பறந்தது.

ஆளில்லா ஜெட் என்பதே புதிதன்று. அமெரிக்காவின் 'ஃபயர்பீ' 1951இலேயே பறந்தது. பெங்களூரில் உருவான 'லக்ஷ்யா'வும் ஜெட்தான். இவை சுடுவதற்கு அல்ல, சுடக் கற்றுக்கொள்பவர்களுக்கு இலக்காகப் பறப்பதற்கென்றே செய்யப்பட்டவை. 2022 ஜூலை முதல் நாள், கர்நாடகத்தின் சித்திரதுர்க்காவில் இந்தியாவின் இன்னொரு சோதனை ஜெட், தானே கிளம்பி, தானே வழி கண்டு, தானே தரையிறங்கியது. இலக்காகப் பறந்தது இன்று வேட்டைக்காரனாகிவிட்டது. 2025 நவம்பரில் கிசிலெல்மா, கருங்கடல் மேல் பறந்த ஒரு ஜெட் இலக்கைத் தன் ஏவுகணையால் வீழ்த்தியதாக அந்த நிறுவனம் அறிவித்தது.

விமானி இல்லாததால் என்ன ஆதாயம்? இருக்கை வேண்டாம், பிராணவாயு வேண்டாம், உயிர் தப்பிக்கும் கருவி வேண்டாம். கூர்மையாகத் திரும்பும்போது மனிதனுக்குத் தலை கிறுகிறுத்து மயக்கம் வரும், இயந்திரத்துக்கு வராது. விழுந்தாலும் ஒரு தாய் பிள்ளையை இழப்பதில்லை. தோளில் பம்பு சுமந்து மருந்தடித்த நம் தாய்மார்களுக்கு இந்த நியாயம் விளங்கும். பாராகுவாட் மருந்து 2020இல்தான் இந்நாட்டில் தடையாயிற்று. அதுவரை அதைச் சுவாசித்தவர்கள் அவர்கள். ஆபத்துள்ள இடத்திலிருந்து ஆளை விலக்குவது நல்லதே. ஆனால் போர் விமானத்தில் விலகுவது ஒரு பக்கத்து ஆள் மட்டுமே. குண்டு விழும் இடத்தில் ஆட்கள் இருந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். இத்தகைய விமானத்தைத் தரையில் ஒரு அறையிலிருந்து இயக்குவார்கள். தூரம் அதிகமானால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போகும். அது பூமிக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால், விமானம் கண்ட காட்சி நம்மிடம் வர கால் விநாடி, நம் கட்டளை அங்கே போகக் கால் விநாடி. மெதுவான அங்கா அந்த அரை விநாடியில் முப்பது மீட்டர் போல நகரும். கிசிலெல்மா போன்ற ஜெட் முழு வேகத்தில் நூறு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். வானில் சண்டையிடும்போது இது பெரிய காலம். ஆகவே திரும்புவது, விலகுவது போன்ற வேலைகளை இயந்திரமே தீர்மானிக்க விட்டுவிடுகிறார்கள். அப்படியானால் சுடும் தீர்மானம்?

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2012இல் ஒரு விதி செய்தது. ஆயுதத்தைப் பயன்படுத்துவதில் மனிதனின் தகுந்த அளவு பகுத்தறிவு இருக்க வேண்டும் என்கிறது அது. 'தகுந்த அளவு' என்றால் எவ்வளவு? கூலியைப் பற்றிய பேச்சில் இந்தச் சொல் வந்தால் நம் தொழிலாளர்கள் ஒப்பமாட்டார்கள். 2023 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில், தானே இலக்கைத் தேர்ந்து கொல்லும் ஆயுதங்களைப் பற்றிக் கவலை தெரிவித்த தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. அது சட்டம் அன்று. கவலையை எழுதி வைத்த தாள்.

"இப்போதைக்கு ஓர் அதிகாரி உத்தரவிட்டுத்தான் சுட வேண்டும் என்கிறார்கள், அம்மா" என்று அவளிடம் சொன்னேன். அவள் விடவில்லை. "நடுவுல லைன் அறுந்து போச்சுன்னா?"

எதிரி அலைவரிசையைக் குலைப்பது போரில் நடப்பதுதான். தொடர்பு அறுந்தால் வட்டமிடு, அல்லது புறப்பட்ட இடத்துக்கே திரும்பு என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். திரும்பு என்பதற்குப் பதிலாக வேறொன்றை எழுதி வைக்கவும் முடியுமா என்றாள். முடியும் என்றுதான் சொன்னேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.